எங்கே போய் உட்காரட்டும் மேடம்?

மனச்சோர்வும் தூக்கமின்மையுமாக என்னிடம் ஆலோசனைக்கு வந்தவரிடம், "இருபது நிமிஷம் ஆகியும் தூக்கம் வரலைன்னா எழுந்து வேற ரூமுக்குப் போயிடுங்க" என்றேன். "இருக்கிறதே ஒரு ரூம்தான். எங்கே போய் உட்காரட்டும் மேடம்?"

ஸ்ரீராமபுரத்தில் ஒற்றை அறை வீடு, ஐந்து பேர், வரிசையாய்ப் பாய். படுக்கை என்றால் தூக்கம் மட்டுமே என்று உடம்பைப் பழக்கும் இந்த முறையை அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் எழுதினார். புரண்டபடியே கிடந்தால் படுக்கையே விழிப்பை மூட்டும் இடமாகிவிடும், அது சரிதான். ஆனால் அந்த முறைக்கு இன்னொரு கதவு வேண்டும். பாயைச் சுருட்டி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்காரச் சொன்னேன். "அத்தை முழிச்சுக்கிட்டா என்னன்னு கேப்பாங்களே" என்றார்.

மனச்சோர்வு தீர்ந்தால் தூக்கம் தானே வரும் என்பது பழைய நினைப்பு. மனம் தேறிய பிறகும் தூக்கமின்மை தங்கிவிடுவது உண்டு. தங்கினால் சோர்வு திரும்பி வரும் வாய்ப்பும் கூடும். அதனால்தான் இரண்டையும் சேர்த்தே தொடங்கினேன். ஒரு வாரத் தூக்கக் குறிப்பில் படுக்கையில் 8 மணி நேரம், தூங்கியது 5. அதாவது 63 சதவீதம். தூங்கும் நேரத்தை ஒட்டி, படுக்கை நேரத்தை நள்ளிரவு 12 முதல் காலை 5:30 வரை என்று சுருக்கினேன். ஒரு வாரம் 85 சதவீதத்தைத் தாண்டினால் 15 நிமிஷம் கூட்டலாம். ஞாயிற்றுக்கிழமையும் எழும் நேரம் மாறக் கூடாது.

தூங்காமலே நாள்கணக்கில் உற்சாகமாக இருந்தது உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டேன். மனச்சோர்வும் அளவு மீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவருக்குத் தூக்கத்தைக் குறைத்தால் அந்த உற்சாகம், அதாவது பித்துநிலை, கிளம்பலாம். அதைக் கேட்ட நான், வேலை என்ன என்பதைச் சரியாகக் கேட்கவில்லை. கார்மென்ட்ஸில் தையல் மெஷின். முதல் வாரம் பகலில் கண் சொக்கும். ஊசிக்கு அடியில் விரல். படுக்கை நேரத்தை வாரம் அரை மணியாக மெல்லக் குறைத்திருக்கலாம். சோர்வில் இருப்பவர் பலன் தெரியாமல் அத்தனை வாரம் தாங்குவாரா என்றும் தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

இன்னொன்று. மனச்சோர்வுக்கான ஃப்ளூவாக்ஸடின் மாத்திரையை இரவில் போட்டுக்கொண்டிருந்தார். மாத்திரை என்றாலே ராத்திரிதானே என்று நினைத்தாராம். அது தூக்கத்தைக் கெடுக்கக்கூடியது. டாக்டர் காலைக்கு மாற்றினார், அதே வாரத்தில். ஆறாம் வாரம் 86 சதவீதம் வந்தது. பலன் பாயைச் சுருட்டியதாலா, மாத்திரை நேரத்தாலா, தெரியாது.

மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளில் மதிப்பெண் கூடினால் தொல்லை அதிகம். தூக்கத்துக்கான மதிப்பெண் 3இலிருந்து 1 ஆகியிருந்தது. ஆர்வமின்மையும் மன வாட்டமும் 2இலேயே நின்றன.

"இப்ப தூங்கிடறேன் மேடம். எழுந்திரிக்கத்தான் பிடிக்கல."

ஒன்பதாவது கேள்வியை, சாக நினைத்தது உண்டா என்பதை, தாளோடு விடாமல் வாய்விட்டுக் கேட்டேன். இல்லை என்றார். அடுத்த வாரத்துக்கான தேதியை மூன்று நாள் முன்னுக்குக் கொண்டுவந்தேன்.