டெல்லி பக்கம், வில்லேஜ் ஆபீஸ்தான் தூரம்

எங்கள் சமுதாய வானொலிக்கு மத்திய அரசின் எல்ஓஐ (முதற்கட்ட ஒப்புதல்) கடிதம் வந்துவிட்டது. ஒலிபரப்பு இன்னும் தொடங்கவில்லை, ஆனாலும் எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். தமிழக எல்லையை ஒட்டி, கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வேறு யாராவது சமுதாய வானொலிக்கு விண்ணப்பிக்க நினைத்தால், எங்கள் அலைச்சலில் பாதியாவது அவர்களுக்கு மிச்சமாகட்டும்.

எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்டவர்கள் உண்டு. இங்கே ரேடியோவைத் திருப்பினால் கோவை எஃப்எம் காந்திபுரம் டிராஃபிக் சொல்லும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் மலையாளப் பாட்டு. தமிழகமும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாகச் சித்தூர்ப்புழைக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும். அது எந்த வாரம், எந்தக் கால்வாயில் வரும் என்பதை மட்டும் டீக்கடையில்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது ஒரு வேலையே இல்லை. லாப நோக்கில்லாத அமைப்பு, பதிவாகி மூன்று ஆண்டு: இரண்டும் எங்கள் சங்கத்துக்குச் சரியாக இருந்தது. இடித்தது பதிவுச் சான்றிதழ். பாலக்காடு மாவட்டத்தில் பெரும்பகுதி பழைய மலபார். அங்கே சங்கங்கள் 1860-ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவாகும். எங்கள் சித்தூர் தாலுகாவோ கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது, அதனால் எங்களுடையது 1955-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சி சட்டத்தில் பதிவானது. காகிதங்களைச் சரிபார்க்க நாங்கள் பணம் கொடுத்து வைத்த ஆலோசகர், "டெல்லியில் இது செல்லாது, புதிதாகப் பதிவு செய்யுங்கள்" என்று வெகு சாதாரணமாகச் சொன்னார். புதிதாகப் பதிந்தால் மறுபடி மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. வழிகாட்டு நெறிமுறையை உட்கார்ந்து படித்தோம். சங்கப் பதிவுச் சட்டம் "அல்லது அதுபோன்ற வேறு சட்டம்" என்றே இருந்தது. அந்த வரியை அடிக்கோடிட்டு ஒரு பக்கக் கடிதத்தோடு வைத்தோம். டெல்லியிலிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை. ஆலோசகரின் பீஸ் மட்டும் திரும்பி வரவில்லை.

அடுத்து நிலம். டவர் நிற்கப்போவது உறுப்பினர் ஒருவரின் தென்னந்தோப்பில். கரம் ரசீது (நிலவரி ரசீது), லொக்கேஷன் ஸ்கெட்ச் (இட வரைபடம்) எல்லாம் வேண்டும். வில்லேஜ் ஆபீஸில் ஸ்கெட்ச் கேட்டுத் தமிழில் மனு கொடுத்தோம். கிளார்க் தொட்டுக்கூடப் பார்க்காமல் "மலையாளத்தில் எழுதணும்" என்றார். மொழிச் சிறுபான்மைப் பகுதியில் தமிழில் எழுதலாம் என்று 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டமே சொல்கிறது, நகலைக் காட்டினேன். "அது செக்ரட்டேரியட்டுக்கு" என்று தள்ளிவிட்டார். லீவு முடிந்து வந்த வில்லேஜ் ஆபீசர் அதே மனுவை நின்றபடியே தமிழில் வாய்விட்டுப் படித்துக் கையெழுத்துப் போட்டார். கிளார்க் அப்போது ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சாப்பிட்ட பரோட்டா தனி ருசி.

இடக்குறியீட்டில் கவனமாக இருங்கள். போனில் தீர்க்கரேகை 76.83 என்று காட்டியதை டைப் அடித்த பையன் 76 டிகிரி 83 நிமிடம் என்று போட்டுவிட்டான். அறுபதுக்கு மேல் ஏது நிமிடம்? புள்ளிக்குப் பின்னால் வருவதை அறுபதால் பெருக்க வேண்டும்: 49 நிமிடம் 48 விநாடி. இதே எண்தான் பிறகு டவருக்கான சாக்ஃபா (மத்திய அரசின் அலைவரிசை ஆலோசனைக் குழு) அனுமதிக்கும் போகும், அங்கே தப்பினால் திருத்துவது பெரும்பாடு.

குழு அமைப்பதில் சண்டை வராமல் இருக்குமா? 2024 நெறிமுறைப்படி ஆலோசனை, நிகழ்ச்சிக் குழுவில் பாதிப் பேர் பெண்கள். பேருக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சில ஆண்கள் நினைத்தார்கள். முதல் கூட்டத்திலேயே பால் சொசைட்டி அக்கா ஒருவர், "ஏனுங்க, காலைல ஆறு மணிக்கு யாருங்க ரேடியோ கேப்பாங்க? பால் கறக்கற நேரமுங்க அது" என்று நேர அட்டவணையையே மாற்றவைத்தார். இன்னொருவருக்குப் பஞ்சாயத்து அரசியலைக் கிழிக்க வேண்டும் என்று ஆசை. அது நடக்காது: ஆகாசவாணி செய்தியை அப்படியே ஒலிபரப்பலாம், சொந்தச் செய்தி கூடாது. உள்ளூர் நிர்வாகம் தரும் தண்ணீர், மின்சார அறிவிப்புகள் செய்தியாகக் கருதப்படாது என்பதால் எங்கள் கால்வாய் தப்பித்தது. அதையும் அதிகாரியிடம் எழுத்தில் வாங்கித்தான் படிக்கப் போகிறோம். வாய்ச்சொல்லை நம்பி மைக் முன்னால் உட்காராதீர்கள்.

கடைசியாக ஒன்று. கடிதம் வந்த சேதி எப்படியோ கசிந்து, டிரான்ஸ்மிட்டர் விற்பவர்கள் தேடி வருவார்கள். அலைவரிசை ஒதுக்கீடும் லைசென்சும் இல்லாமல் அதை வாங்கி வைத்திருப்பதே குற்றம். எங்களிடம் வந்தவர் "எல்லாரும் இப்படித்தான் சார், பேப்பர் பின்னால வரும்" என்றார். அனுமதி பொதுவாக 100 வாட் வரைதான் என்று தெரிந்தும் பெரிய மெஷினாகக் காட்டினார். அட்வான்ஸ் கொடுக்கவில்லை. ஆள் இன்னும் போன் செய்துகொண்டுதான் இருக்கிறார்.