ஆயில் வெளுத்தால் உடனே ஹெட்டைக் கழற்றாதீர்கள்

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மீன்பிடித் தடைக்காலமே இரண்டு. சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மேற்குப் பக்கத்துப் போட்டுகளுக்குத்தான் பாடு அதிகம், மழையும் கடலடியும் இருக்கிற இரண்டு மாதமும் இஞ்சின் சும்மா கிடக்கும். அப்புறம் கிளப்பி ஓட்டிவிட்டு, ஆயில் அளவு பார்க்கிற ஸ்கேலை உருவினால் ஆயில் டீ நிறத்தில் வரும், பக்கத்தில் நிற்கிற யாராவது "கேஸ்கட் போயிட்டு" என்று, அதாவது இஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கிற அடைப்புத் தகடு போய்விட்டது என்று, தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள்.

வெளுத்த ஆயிலை வைத்து தண்ணீர் கலந்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்ல முடியும். இஞ்சினைக் குளிர்விக்க ஊற்றுகிற கூலன்ட்டா, கடல் தண்ணீரா என்று தெரியாமல் ஸ்பானரைக் கையில் எடுப்பது வீண் செலவு.

கிளப்புவதற்கு முன்பே பார்ப்பதுதான் நல்லது. நின்ற இஞ்சினில் தண்ணீர், ஆயில் தேங்கும் ஸம்ப்பின் அடியில் போய்த் தங்கிவிடும், ஸ்கேலில் ஆயில் சுத்தமாகத் தெரியும், ஆனால் அளவு மட்டும் கூடியிருக்கும். அடி பிளக்கை லேசாகத் தளர்த்தினால் முதலில் வருவது தண்ணீர்தான். கை எட்டாத இடமென்றால் கைப்பம்ப்பின் குழாயை அடிவரை விட்டு உறிஞ்சுங்கள். அதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால் பெரும்பாலும் பிரிந்து நிற்கும். பச்சையோ சிவப்போ தெரிந்தால் கூலன்ட். நிறமில்லை என்றால் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் காயவையுங்கள், கடல் தண்ணீராக இருந்தால் உப்பு பூத்திருக்கும். நாக்கில் வைத்துப் பார்க்கிற பழக்கம் வேண்டாம், கூலன்ட் விஷம்.

ஆயில் ஊற்றுகிற மூடியின் உள்பக்கம் மட்டும் வெண்ணெய் மாதிரி படிந்து, அளவும் ஏறாமல் இருந்தால் அது ஈரக்காற்று வேர்த்தது. நன்றாகச் சூடேறும்வரை லோடில் ஓட்டினால் போய்விடும்.

கூலன்ட் என்றால் அதன் டேங்கிலும் அளவு குறைந்திருக்கும். அப்போதுதான் ஹெட் கேஸ்கட், சிலிண்டர் லைனரைச் சுற்றியிருக்கிற ரப்பர் வளையமான ஓரிங் என்று சந்தேகப்பட வேண்டும். கூலன்ட் குறையவே இல்லை, ஆயிலில் உப்பு என்றால் ஹெட்டைத் தொடவே வேண்டாம். முதலில், குளிர்விக்கக் கடல் தண்ணீரை இழுக்கிற பம்ப்பைப் பாருங்கள். இஞ்சினின் கியரிலேயே ஓடும் பம்ப்பில் தண்ணீர்ப் பக்கம் ஒரு சீல், ஆயில் பக்கம் ஒரு சீல், நடுவில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். சீல் தேய்ந்தால் தண்ணீர் வெளியே சொட்டட்டும் என்றுதான் அந்த ஓட்டையையே வைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் சிலர் சொட்டுகிறதே என்று பசை வைத்து அடைத்துவிடுகிறார்கள்! பிறகு அந்தத் தண்ணீர் வேறு எங்கே போகும்? நேராக ஆயிலுக்குத்தான். அடுத்தது ஆயில் கூலர், அதற்குள் கடல் தண்ணீர் ஓடுகிற இஞ்சின் என்றால். கழற்றி ஒரு பக்கம் அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, காற்று கொடுத்தால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

சைலன்சர் குழாய் கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் திறக்கிற போட்டில், அலை அந்த வழியாகவே சிலிண்டருக்குள் ஏறியிருக்கலாம். இந்தச் சந்தேகம் இருந்தால் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள், தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட்தான் வளையும். இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றி வெளியேற்றுங்கள்.

உப்புத் தண்ணீர் என்று தெரிந்தால் தடை முடியட்டும் என்று போட்டுவைக்கக் கூடாது, பேரிங் துரு பிடித்துவிடும். கசிவைச் சரிசெய்து, புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு, சூடேற ஓட்டி, அந்த ஆயிலை இறக்குங்கள். வெளுப்பு தெரிகிறவரை மறுபடியும் மாற்றத்தான் வேண்டும், அதற்கு விலை குறைந்த ஆயிலே போதும்.