கைலிக்கு இங்கே பேர் மெட்ராஸ்

கரீபியன் தீவான செயின்ட் லூசியாவுக்கு வந்த மூன்றாவது வாரம். தலைநகர் காஸ்ட்ரீஸில் ஒரு வங்கி வரிசையில் நின்றபோது, கவுன்டரில் இருந்த பெண் என் அப்பாவின் கைலியை உடுத்தியிருந்தாள். அதே சிவப்பு, மஞ்சள், பச்சைக் கட்டம். நீளப் பாவாடை, வெள்ளை லேஸ் ரவிக்கை, தலையிலும் அதே துணியில் கட்டு. திரும்பினால் காவலாளியின் சட்டைக் காலரிலும் அதே கட்டம். அக்டோபர் கடைசியில் வரும் க்வெயோல் (கிரியோல் பண்பாட்டு) திருநாளுக்கு, பள்ளிப் பிள்ளையிலிருந்து அமைச்சர் வரை இப்படித்தான் உடுத்துவார்களாம்.

"இது மெட்ராஸ், எங்கள் தேசிய உடைத் துணி" என்றாள் பெருமையாக.

குடியாத்தத்தில் அப்பா அந்தக் கைலியோடு தெருமுனைக்குப் போனாலே, "வேட்டியை மாத்திக்கிட்டுப் போங்க" என்பாள் அம்மா, நாங்களே நெசவாளி வீடு என்றாலும். அன்று வங்கியில் எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

18ஆம் நூற்றாண்டிலேயே மெட்ராஸ் கைக்குட்டை ஐரோப்பிய வணிகர்களின் கப்பலில் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியனுக்கும் போயிருக்கிறது. ஒரு கஜத்துக்கு ஒரு கஜம் சதுரம், எட்டு சதுரம் சேர்ந்தது ஒரு பீஸ். இங்கே அதைத் தலையில் கட்டிய பெண்கள் அந்தக் கட்டையே பேச வைத்தார்கள். மேலே ஒரே ஒரு முனை நின்றால், மனசு இன்னும் யாருக்கும் இல்லை என்று அர்த்தம். நெய்த ஊரின் பெயர் நிலைத்துவிட்டது. நெய்தவர் பெயர் ஒன்றுகூட வந்து சேரவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

எங்கள் மாடியில் 26 வயதுப் பெண் ஒருத்தி தைக்கிறாள், இப்போதுதான் பெயரெடுத்து வருகிறாள். திருவிழாப் பாவாடை அவளுக்குப் போதாது; தினமும் போடும் சட்டை, கோட்டு எல்லாம் மெட்ராஸில் வேண்டும். கட்டம் சாய்ந்து ஓடும்படி கிராஸில் வெட்டுவாள். பாட்டியின் தலைக்கட்டும், தாத்தாவின் மீன்படகில் அடித்த சாயமும்தான் அவளுக்கு நிறம் காட்டியவை. ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டு, பாக்கெட் துண்டை நூலளவு நூலளவாக நகர்த்துவாள். கோடு கோட்டில் சேர்ந்ததும் பாக்கெட்டே மறைந்துவிடும். அப்பா சாம்பல் தொட்டுப் பாவு நூல் பிணைத்த விரல்கள் நினைவுக்கு வந்தன.

ஒருநாள் அவள் துணியைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெளுத்திருந்தது. அச்சடித்த கட்டம். பாவும் ஊடையுமாக, அதாவது நீள நூலும் குறுக்கு நூலுமாக, நெய்த கட்டத்துக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் கிடையாது. சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. "நெய்தது எங்கே கிடைக்கும்?" என்றாள்.

அண்ணனுக்கு போன் போட்டேன்.

இப்போது இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. சந்தையில் வாழைக்காயைக்கூடச் சட்டென்று 'கிரீன் ஃபிக்' என்றே கேட்டு வாங்குகிறேன். போன வாரம் அண்ணனின் துணிப் பார்சல் வந்தது. பிரித்ததும் கஞ்சி வாசனை. அவ்வளவுதான், நான் எங்கள் வீட்டுத் தறிக்குழியோரம் போய் உட்கார்ந்துவிட்டேன். அப்பா இல்லை, தறியும் விற்றாகிவிட்டது. இவை விசைத்தறியில் ஓடியவை. ஆனாலும் வாசனை அதேதான்.

"சாயம் போகுமா?" என்றாள் மாடிப் பெண்.

"முதல் தண்ணியில் போகும். உப்புப் போட்டு ஊற வை."

"எவ்வளவு உப்பு?"

அம்மா போடுகிற மாதிரியே ஒரு கை அள்ளி வாளியில் போட்டேன்.