அம்மாவ உள்ள விடுங்க: ஒரு நர்ஸோட டைரி

ஜூன் 3, 2025, செவ்வாய்

இன்னைக்கு டிபார்ட்மென்ட் மீட்டிங். குறைமாச குழந்தைங்களுக்கு இன்னும் என்ன பண்ணலாம்னு பேச்சு. ஒருத்தர் வென்டிலேட்டர்ங்கறார், ஒருத்தர் மஞ்சக்காமாலைக்கு போடற போட்டோதெரபி லைட் பத்தலங்கறார், எல்லாம் நியாயம்தான், யாரு வேணாம்னா. மேடம் மட்டும் ஒண்ணு கேட்டாங்க, "நம்மகிட்ட இருக்கற ஒன்றரை கிலோ குழந்த ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் அம்மா நெஞ்சுல கிடக்குது?" ஒருத்தர்கிட்டயும் பதில் இல்ல. சார்ட்ல கேஎம்சி (கங்காரு மாதிரி குழந்தைய வெறும் நெஞ்சோட ஒட்டி வச்சுக்கறது) குடுத்தாச்சுன்னு டிக் இருக்கும், அது பத்து நிமிஷமா ரெண்டு மணி நேரமான்னு யாரு கண்டா. நாளைலேர்ந்து டிக் கிடையாது, எத்தன மணிக்கு போட்டோம் எத்தன மணிக்கு எடுத்தோம்னு எழுதணும்.

ஜூன் 5, வியாழன்

நைட். வெளிய சொட்டு காத்து இல்ல, கடலூர்ல கடல் இருக்குன்னு பேருதான். புதுசா வந்த பொண்ணு கேக்குது, "அக்கா, சிபாப்ல (மூச்சு விட மூக்கு வழியா காத்து குடுக்கற மிஷின்) இருக்கற குழந்தைய எப்படிக்கா வெளிய எடுத்து அம்மாகிட்ட குடுக்கறது, ஸ்டேபிள் ஆனப்புறம்தான குடுக்கணும்?" நாங்க படிச்சதும் அப்படித்தான். 1978ல கொலம்பியாவுல, பொகோட்டா ஆஸ்பத்திரில இன்குபேட்டர் பத்தாமதான் இந்த கங்காரு முறையே ஆரம்பிச்சாங்க, அதனாலயோ என்னவோ இது இல்லாதவன் வைத்தியம், மிஷின் இருந்தா தேவையில்லன்னு ஒரு நெனப்பு இன்னும் போகல. 2021ல ஒரு பெரிய ஆராய்ச்சி வந்துச்சு, இந்தியாவும் ஆப்பிரிக்காவுல நாலு நாடும், நம்ம நாட்டுல டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரி. 1 கிலோலேர்ந்து 1.8 கிலோவுக்குள்ள இருக்கற குழந்தைங்கள ஸ்டேபிள் ஆகட்டும்னு காத்திருக்காம பொறந்த கையோட அம்மா நெஞ்சுல போட்டாங்க. 28 நாளுக்குள்ள இறப்பு பழைய முறைல நூத்துக்கு 15.7, இதுல 12. இதுக்கு மேல மத்த குழந்தைங்கள பழைய முறைல வச்சிருக்கறது நியாயமில்லன்னு ஆராய்ச்சியையே பாதில நிறுத்திட்டாங்க. 2022ல உலக சுகாதார நிறுவனமும் ஒரு நாளைக்கு 8லேர்ந்து 24 மணி நேரம்னு சொல்லிடுச்சு. சிபாப் ட்யூப் நீளமாதான இருக்கு, ஆக்சிஜன் அளவு பாக்கற சேச்சுரேஷன் ப்ரோப் கால்ல இருந்துட்டு போகுது, ரெண்டு பேரு சேந்து எடுத்தா ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு நம்புச்சா தெரியல.

ஜூன் 11, புதன்

ஒரு வாரம் எழுதுனத எடுத்து பாத்தா மனசு கஷ்டமா இருக்கு, எட்டு மணி நேரம் எங்க நாங்க எங்க. சரி ஏன்னு அம்மாங்களையே கேப்போம்னு மத்தியானம் ஒவ்வொருத்தரா கேட்டேன். நான் நெனச்சது பயமா இருக்கும்னு. "பயம்லாம் முதல் நாள்தான் சிஸ்டர்"னாங்க.

சிசேரியன் ஆன அம்மா கீழ, குழந்த மாடில. லிப்ட்டு ஆளு சாப்ட போயிட்டா தையல புடிச்சிக்கிட்டு படி ஏறணும். ஏறி வந்தா உக்கார பிளாஸ்டிக் ஸ்டூல், சாய எதுவும் இல்ல, அதுல ஒன்றரை கிலோ குழந்தைய நெஞ்சுல வச்சிக்கிட்டு நிமிந்தாப்ல அர மணி நேரம் உக்காந்தா இடுப்பு போயிடும், நான் உக்காந்து பாத்தேன், உண்மைதான். பாத்ரூம் அந்தக் கடைசில. ஒரு தடவ போயிட்டு வந்தா திரும்ப கை கழுவி கவுன் போட்டு உள்ள வரணும், அதுக்கு பயந்து தண்ணியே குடிக்காம இருக்கறாங்க, அப்புறம் பால் வரலங்கறோம் நாம. நெல்லிக்குப்பம் பக்கத்து பொண்ணு ஒண்ணு அவள டிஸ்சார்ஜ் பண்ணி பெட்ட வேற ஆளுக்கு குடுத்தாச்சு, குழந்த இன்னும் பெட்டியில இருக்கு, ராத்திரி வராண்டாவுல படுத்திருக்கா. பச்ச உடம்புக்காரி வராண்டாவுல. இதுக்கு எந்த மிஷின வாங்கி வச்சி என்ன பிரயோஜனம்.

ஒரு அம்மா கையில கயிறு வேற. திருவந்திபுரத்துல மந்திரிச்சு கட்டுனது, அவுக்கவே கூடாதுன்னு கூட இருக்கற ஆயா பிடிவாதம். முழங்கைக்கு கீழ எதுவும் இருக்கக்கூடாது, கிருமி அதுலதான் தங்கும். சாமி கயிறுன்னா மேல தோள்கிட்ட கட்டிக்கலாமே ஆயா, சாமி ஒண்ணும் சொல்லாதுன்னேன். ஆயா யோசிச்சு, நாளைக்கு சொல்றேன்னுச்சு.

ஜூன் 14, சனி

சாயற சேர் மூணு வந்துடுச்சு. பண்ருட்டி பக்கம் முந்திரி வியாபாரி ஒருத்தர் குடுத்தது. முதல்ல துணி போட்டது காட்டுனார், வேணாம் ரெக்ஸின் போடுங்க, தெனம் மருந்து போட்டு தொடைக்கணும்னு சொல்லி மாத்த வச்சோம். சேருக்கு இடம் பண்ண பழைய பீரோ ஒண்ண நகத்த வேண்டியிருந்துச்சு, அது யாரு ஸ்டாக்குன்னு கண்டுபுடிக்கவே ரெண்டு ஆபீஸ் ரூம் ஏறி இறங்கணும். விடுங்க.

ஆயா கயித்த மேல கட்டிவிட்டுடுச்சு.

ஜூன் 22, ஞாயிறு

ஆறாம் நம்பர் வார்மர் (சூடு குடுக்கற படுக்கை) குழந்தையோட அப்பா சிப்காட்ல ஷிப்ட் வேல. அம்மாவுக்கு ஜுரம், யார் போட்டுக்கறதுன்னு பாத்தப்ப, நான் போட்டுக்கறேன் சிஸ்டர்னு அவரே வந்தார். வாட்ச்மேன் வாசல்லயே நிறுத்திட்டார், ஜென்ட்ஸ் அலவ்டு இல்லன்னு. மேடம் போன்ல பேசித்தான் விட்டாங்க. சோப்பு போட்டு குளிச்சிட்டு வரச் சொன்னோம். சட்ட பட்டன் அவுத்து, குழந்தைய தவள மாதிரி கால மடக்கி நெஞ்சுல நிமித்தி வச்சு, தலய ஒரு பக்கமா திருப்பி, தொப்பி சாக்ஸ் போட்டு, சுத்தி காட்டன் துணிய இறுக்கி கட்டுனோம். மூக்கும் வாயும் வெளிய தெரியணும், கழுத்து மடங்கக்கூடாது, அத மட்டும் பாத்துக்கங்க சார்னு சொன்னேன். மனுஷன் மூச்ச புடிச்சிக்கிட்டே உக்காந்திருந்தார், அப்புறம் பாத்தா நல்லா தூங்குறார், எழுப்ப வேண்டியதா போச்சு, தூங்கலாம், ஆனா ஒருத்தர் பக்கத்துல பாத்துக்கிட்டே இருக்கணும். எடுத்தப்ப குழந்தைக்கு டெம்பரேச்சர் 36.8. வார்மர்ல வச்சாலும் இதான வரும்.

ஜூன் 30, திங்கள்

மணிக்கணக்கு ஏறியிருக்கு. பகல்ல ஓகே, ராத்திரிதான் விழுது, ராத்திரி அம்மாங்களுக்கு படுக்க இடம் இல்லாத வரைக்கும் விழும். பக்கத்து ஸ்டோர் ரூம காலி பண்ணி நாலு கட்டில் போட்டா அம்மாவும் குழந்தையும் ஒண்ணாவே இருக்கலாம்னு மேடம் லெட்டர் எழுதியிருக்காங்க, பாத்ரூம் ரிப்பேரையும் அதுலயே சேத்தாச்சு.

நெல்லிக்குப்பம் பொண்ணு வியாழக்கிழம வீட்டுக்கு போறா. வீட்லயும் நெஞ்சுலயே போட்டுக்கணும்னு மாமியார வச்சிக்கிட்டே சொல்லியாச்சு. 30 நாள் ஆகறதுக்குள்ள கண்ணு செக்கப்புக்கு வந்தே ஆகணும், குறைமாச குழந்தைக்கு விழித்திரை பாக்காம விட்டா பார்வையே போக வாய்ப்பு இருக்குன்னு தேதிய டிஸ்சார்ஜ் கார்டுல செவப்பு பேனால எழுதி, அவ வீட்டுக்காரர் போன்லயும் அலாரம் வைக்க சொல்லியிருக்கேன்.

ஆனித் திருமஞ்சனத்துக்கு சிதம்பரம் போகணும்னு ரெண்டு பேரு லீவு கேட்டிருக்காங்க. ட்யூட்டி லிஸ்ட்ட திரும்ப போடணும்.