இரண்டு ஜோடி டெர்மினல்களும் என் ஓம் கணக்கும்

காரின் டிக்கியில் இரண்டு சப்வூஃபர்களை (பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்கள்) பொருத்திய முதல் வாரத்தில், பாட்டின் ஒலியைச் சற்றுக் கூட்டினாலே ஆம்பிளிஃபையரின் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு விளக்கு எரியும். பேஸ் அப்படியே நின்றுபோகும். அணைத்துவிட்டு மறுபடி போட்டால் ஒன்றும் நடக்காததுபோல் பாடும். பேட்டரியையும் எர்த் ஒயரையும் சந்தேகப்பட்டு இரண்டு மாலைகளை வீணாக்கிய பிறகுதான், பிழை என்னுடைய ஓம் கணக்கில், அதாவது மின்தடைக் கணக்கில் இருந்தது தெரிந்தது.

என்னிடம் இருந்தவை இரட்டை வாய்ஸ் காயில் (ஸ்பீக்கரின் கூம்பான கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) கொண்ட சப்வூஃபர்கள். ஒவ்வொரு காயிலும் 4 ஓம். ஒவ்வொரு சப்வூஃபரிலும் இரண்டு காயில்களைப் பக்க இணைப்பில் (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) சேர்த்தேன். அது 2 ஓம். ஆம்பிளிஃபையர் ஒற்றைச் சேனல் வகை, 2 ஓம் வரை தாங்கும், அதற்குக் கீழே போகக் கூடாது என்று அதன் கையேடு சொன்னது. ஸ்பீக்கருக்கான டெர்மினல்கள் இரண்டு ஜோடி இருந்ததால், ஜோடிக்கு ஒரு சப்வூஃபர் என்று மாட்டிவிட்டு, ஒவ்வொன்றும் 2 ஓம்தானே என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் ஒற்றைச் சேனல் ஆம்பிளிஃபையர்களில் அந்த இரண்டு ஜோடிகளும் பெரும்பாலும் உள்ளுக்குள் ஒன்றாகவே இணைக்கப்பட்டிருக்கும். ஒயர் மாட்ட வசதியாக இருக்கட்டும் என்றுதான் இரண்டாக வெளியே வைத்திருக்கிறார்கள். ஆக, நான் நான்கு காயில்களையும் பக்க இணைப்பில் சேர்த்து, 2 ஓம் தாங்கும் கருவியின் தலையில் 1 ஓமைக் கட்டியிருக்கிறேன். மின்தடை பாதியானால் அதே வோல்ட்டேஜில் மின்னோட்டம் இரு மடங்காகும். அந்தச் சிவப்பு விளக்கு உண்மையில் என் பணத்தைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

சரி, 2 ஓமுக்கு மாற்றிவிடலாம் என்று காகிதத்தில் வரைந்து பார்த்தால் அது முடியவில்லை. 4 ஓம் இரட்டைக் காயில் சப்வூஃபர்கள் இரண்டை ஒரே மாதிரி சேர்த்தால் 1, 4, 16 ஓம் ஆகிய மூன்றுதான் கிடைக்கும். இதுவே 2 ஓம் இரட்டைக் காயில் வகையாக இருந்தால், ஒவ்வொன்றிலும் காயில்களைத் தொடராக இணைத்து 4 ஓம் ஆக்கி, பிறகு இரண்டையும் பக்க இணைப்பில் சேர்த்து 2 ஓம் பெற்றிருக்கலாம். எனவே எந்தக் காயில் வகை என்பதை ஆம்பிளிஃபையரைப் பார்த்து, வாங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். நான் அதைச் செய்யாததால், ஒவ்வொன்றிலும் காயில்களைத் தொடராக இணைத்து 8 ஓம் ஆக்கி, இரண்டையும் பக்க இணைப்பில் சேர்த்து 4 ஓமோடு சமாதானமானேன். ஆம்பிளிஃபையரின் திறன் குறைந்ததென்னவோ உண்மை. ஆனால் திறன் சரிபாதியானாலும் ஒலியில் குறைவது 3 டெசிபல்தான் என்பதால் எனக்குப் பெரிய வருத்தமில்லை.

தொடர் இணைப்பில், முதல் காயிலின் மைனஸிலிருந்து இரண்டாவது காயிலின் பிளஸுக்கு ஒரு சிறு ஒயர். மீதமிருக்கும் பிளஸும் மைனஸும் வெளியே வரும். இதில் ஒரு காயில் தலைகீழாகிவிட்டால், இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். கோன் ஏறக்குறைய அசையாமலே காயில் மட்டும் சூடாகும். ஆம்பிளிஃபையரில் மாட்டுவதற்கு முன் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை ஒரு நொடி தொட்டுப் பார்க்கலாம். பிளஸ் பிளஸோடு சேர்ந்தால் பொதுவாக கோன் வெளிப்பக்கம் தள்ளும். இரண்டு சப்வூஃபர்களும் ஒரே பக்கம் தள்ள வேண்டும். ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் போனால் பேஸ் காணாமல் போகும். ஆம்பிளிஃபையர் சரியில்லை என்று அதைக் கழற்றி எடுத்தவர்களும் உண்டு.

பிறகு மல்டிமீட்டரை ஓமில் வைத்து, ஆம்பிளிஃபையரில் மாட்டப்போகும் இரு முனைகளையும் அளந்தேன். 3.5 காட்டியது. மீட்டர் காட்டுவது நேர்மின்சாரத்துக்கான தடை என்பதால், பெட்டியில் அச்சிட்டிருப்பதைவிடச் சற்றுக் குறைவாகவே வரும். அது 1-க்குக் கீழே வந்திருந்தால் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, வரைந்த படத்துக்குத்தான் திரும்பியிருப்பேன்.

மின்சாரம் வரும் பக்கத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பேட்டரியின் பிளஸிலிருந்து வரும் கேபிளில், பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். அது காப்பது ஆம்பிளிஃபையரை அல்ல, கேபிளை. அந்தக் கேபிள் எங்காவது தேய்ந்து பாடியைத் தொட்டால் தீப்பிடிக்கும். எர்த் ஒயர் குட்டையாக இருக்க வேண்டும். அதை முடுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளபளவென்று தெரிந்த பிறகே போல்ட்டை இறுக்க வேண்டும். ஸ்டீரியோவிலிருந்து ஆம்பிளிஃபையருக்குப் பாட்டின் சிக்னலைக் கொண்டுவரும் ஆர்சிஏ ஒயரை பவர் கேபிளோடு சேர்த்துக் கட்டாமல் காரின் மறுபக்கமாகக் கொண்டுபோனால், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி பெரும்பாலும் வராது.

ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலுக்கு ஏற்ப ஆம்பிளிஃபையரைப் பொருத்தும் கெயின் திருகைப் பலரும் வால்யூம் என்று நினைத்து முழுதாகத் திருப்பிவிடுகிறார்கள். சப்வூஃபர்களைக் கழற்றி வைத்து, பேஸ் பூஸ்ட்டை அணைத்து, ஸ்டீரியோவின் ஒலியை முக்கால் அளவில் நிறுத்தி, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஆம்பிளிஃபையரின் முனைகளில் ஏசி வோல்ட்டை அளந்தேன். திறனை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வர வேண்டிய வோல்ட் கிடைக்கும்: 4 ஓமில் 300 வாட் என்றால் 34.6. நான் 33-லேயே திருகை நிறுத்திக்கொண்டேன்.