துண்டைக் கிழிக்க யாரால் முடியும்?

2025 ஜூன் 1, ஞாயிறு

நாலு நாளாக விடாத மழை. இன்னும் இரண்டு நாள் இப்படியே பெய்தால் காசல்ரீ நீர்த்தேக்கம் வான் பாயும் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். சபையிலிருந்து வந்ததும் அப்பாயிக்கு வெந்நீர் வைத்தேன். கால் வீக்கம் இருப்பதால் சாயந்தரமானால் உப்புப் போட்ட வெந்நீரில் கொஞ்ச நேரம் காலை வைத்திருப்பார், அப்புறம் நான் தேய்த்துக் கழுவித் துடைத்துவிடுவேன். நாற்பது வருஷம் கொழுந்து பறித்த கால். குதிகால் வெடிப்பில் நகம் நுழையும். கணுக்காலைச் சுற்றி அட்டை கடித்த தழும்புகள் கறுத்த பொட்டுப் பொட்டாக இருக்கின்றன, சொறிந்து சொறிந்து அந்த இடத்துத் தோலே தடித்துவிட்டது. மலைக்கு ஏறுமுன் சவர்க்காரத்தைக் காலில் அப்பிக்கொண்டு போவோம், மழையில் அதுவும் கரைந்துபோகும் என்பார்.

இன்று துடைத்துக்கொண்டிருக்கும்போது இயேசு சீஷர்களின் காலைக் கழுவியதைச் சொன்னேன். அப்பாயி வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார். "சாமி மனுசன் காலக் கழுவுச்சா? நாமதான்டி சாமி காலக் கழுவணும்!" பேதுருவும் இதையேதான் சொன்னார், "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று. பைபிளைத் திறந்தே பார்க்காத அப்பாயி பேதுரு மாதிரியே பதறியது எனக்கு என்னவோ செய்தது.

அப்பாயியின் சாமித் தட்டில் மாரியம்மன், முருகன், மடு மாதா, பக்கத்தில் இயேசு. நான் அஞ்சாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவும் அம்மாவும் ஞானஸ்நானம் எடுத்தார்கள், அப்போது அவர்கள் கொடுத்த படம் அது. அப்பாயி சண்டை போடவில்லை, படத்தை வாங்கி வரிசையில் வைத்துக்கொண்டார். இன்றைக்கும் அதேதான் சொன்னார். "சிவனொளிபாத மலையப் பாரு. நாம சிவன் பாதங்கிறோம், சிங்கள ஆளுக புத்தர் பாதங்கிறாங்க, முஸ்லிம் ஆளுக ஆதம் பாதங்கிறாங்க. பாதம் ஒண்ணுதான? இயேசு சாமியும் அப்படித்தான் புள்ள."

பதில் சொல்ல வாய் வரவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

இரண்டு நாளாக அந்தப் பாதம்தான் மனதில். வெசாக்கோடு சிவனொளிபாத மலை ஏறும் சீசன் முடிந்து மலைப் பாதையின் விளக்கெல்லாம் அணைந்துவிட்டது, இப்போது அந்தப் பக்கம் பார்த்தால் வெறும் மேகம்.

அப்பாயி சொன்னது லேசான பேச்சு இல்லை. பல சாமி கும்பிடும் மக்கள் ஒருவரோடு ஒருவர் அடித்துக்கொள்ளாமல் ஒரே மலை ஏறுவது நல்ல விஷயம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கல்லில் பதிந்த பாதத்துக்கு வாய் கிடையாது, யார் என்ன பேர் வைத்தாலும் அது மறுக்காது. இயேசு பேசினவர். தாம் யார் என்பதைத் தாமே சொன்னவர். அதுவும் யாரிடம் சொன்னார்? "நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்" என்று தினமும் சொல்லி வளர்ந்த யூத மக்களிடம். அவர்களிடம் போய், "ஆபிரகாம் உண்டாகிறதற்கு முன்னமே நான் இருக்கிறேன்" என்றார், உடனே கல்லை எடுத்துவிட்டார்கள். வரிசையில் இன்னொரு சாமியாகச் சேர்கிறேன் என்று சொல்லியிருந்தால் ரோமர்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை, அவர்கள் தட்டில் எவ்வளவோ இடம் இருந்தது.

அப்போஸ்தலர் பவுல் எழுதியதையும் பார்த்தேன். ஏசாயா 45-ஆம் அதிகாரத்தில் என்னைத் தவிர வேறொருவர் இல்லை என்று சொல்லும் தேவன், முழங்கால் யாவும் எனக்கு முன்பாக முடங்கும் என்கிறார். பவுல் அந்த வார்த்தையை எடுத்து, பிலிப்பியர் 2-இல், இயேசுவின் நாமத்தில் முழங்கால் யாவும் முடங்கும் என்று எழுதுகிறார். ஒரு யூதர் எழுதுகிறார், சிலுவையில் செத்த ஒரு தச்சரைப் பற்றி, அதுவும் அவர் செத்து முப்பது வருஷம் போலத்தான் ஆகியிருக்கும். இதைப் பழகிப்போன கண்ணால் எத்தனை முறை வாசித்துக் கடந்திருக்கிறேன்!

ஜூன் 5, வியாழன்

தையல் கடையில் கூட வேலை செய்யும் அக்கா ஒரு வீடியோ காட்டினார். 325-ஆம் ஆண்டு கான்ஸ்டன்டைன் ராஜா கூட்டம் போட்டு, ஓட்டெடுத்து, இயேசுவைக் கடவுள் ஆக்கினார் என்று அதில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். அக்கா குத்திக்காட்டக் காட்டவில்லை, உண்மையாகத்தான் கேட்டார்.

வீடியோவில் சொன்ன கூட்டம்தான் நிசேயா சங்கம், பிஷப்புகள் கூடின கூட்டம், இந்த வருஷம் அதற்கு 1700 வருஷம். அந்த ஊர் பழைய பித்தினியா நாட்டில், இப்போது துருக்கியில் இஸ்னிக் என்று இருக்கிறது. அதே பித்தினியாவுக்கு ஆளுநராக வந்த பிளினி என்பவர் 112-ஆம் ஆண்டு வாக்கில் டிராஜன் பேரரசருக்கு எழுதிய கடிதம் இன்றைக்கும் இருக்கிறது. இந்தக் கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாக வைத்துப் பாடுகிறார்கள் என்று அதில் எழுதுகிறார். அவர் கிறிஸ்தவர் இல்லை, அவர்களை விசாரித்துத் தண்டித்தவர். நிசேயாவுக்கு இருநூறு வருஷத்துக்கு மேல் முந்திய கடிதம் அது. தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க விடியற்காலையில் பிரட்டுக்குப் போவோமே, அந்த நேரத்தில், இருட்டில் ஒன்றுசேர்ந்து இயேசுவைப் பாடியவர்களில் அடிமைப் பெண்கள்கூட இருந்தார்கள், அவர்களில் இரண்டு பேரைச் சித்திரவதை செய்து விசாரித்ததாகவும் அவரே எழுதுகிறார். அவர்களுக்கு எந்த ராஜாவும் ஓட்டெடுத்துக் கொடுக்கவில்லை.

அக்காவிடம் இதைச் சொன்னேன். "அப்ப நிசேயாவுல என்னத்தத்தான் பேசுனாங்க?" என்றார். அதற்குள் ஆள் வந்துவிட்டது, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை ஆறு.

ஜூன் 8, ஞாயிறு, பெந்தெகொஸ்தே

தலவாக்கலையிலிருந்து தம்பி வந்தான். அவன் போகிற சபையில் இயேசுவின் நாமத்தில் மட்டும்தான் ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். அக்கா, நீயும் திரும்ப எடு என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறான். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்பது ஒருவருக்கே மூன்று பட்டம், பேர் ஒன்றுதான், அது இயேசு, மத்தேயு 28-இல்கூட நாமங்களிலே என்று இல்லை, நாமத்திலே என்று ஒருமையில்தான் இருக்கிறது என்கிறான். சரிதான், ஒருமைதான்.

அவன் இயேசுவை நேசிப்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை, அவர் ஒரே தேவன் என்பதில் நானும் அவனும் ஒரே பக்கம். ஆனால் கெத்செமனேயில் அவர் முகங்குப்புற விழுந்து, பிதாவே என்று கூப்பிட்டது யாரை? யோர்தான் ஆற்றில் ஞானஸ்நானம் எடுத்து அவர் தண்ணீரில் நிற்க, வானத்திலிருந்து "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்று சத்தம் வந்ததே, அது யார்? ஒரே ஆள் குரல் மாற்றிப் பேசினார் என்று என்னால் நினைக்க முடியவில்லை. நினைத்தால் அந்த அன்பே நடிப்பு மாதிரி ஆகிவிடுகிறது.

தம்பி பதில் சொல்லாமல் தேத்தண்ணியைக் குடித்து முடித்தான். போகும்போது தலையில் கை வைத்து எனக்காக ஜெபித்துவிட்டுப் போனான். நான் ஆமென் சொன்னேன்.

ஜூன் 10, செவ்வாய், பொசன் போயா

லீவு. மழை கொஞ்சம் விட்டிருந்தது, இஸ்தோப்பில் உட்கார்ந்து அப்பாயிக்குப் பேன் பார்த்துக்கொண்டே அந்தக் காலத்துக் கதை கேட்டேன். அப்பாயியின் தாத்தா துண்டு பிடித்து வந்தவர். தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கும் பெரிய கங்காணி இந்தியாவில் ஊரில் கொடுத்த முன்பணம், கப்பல் செலவு, கம்பளி, அரிசி என்று எல்லாம் ஆள் கணக்கில் கடனாக ஏறும். ஒரு தோட்டம் பிடிக்காமல் வேறு தோட்டம் போக வேண்டுமென்றால் இவ்வளவு கடன் என்று எழுதின துண்டு வேண்டும். புதுத் தோட்டத்தில் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுப்பார்கள், கட்டின கடன் திரும்ப அந்த ஆள் தலையிலேயே உட்காரும். தோட்டம் மாறும், கடன் மாறாது. 1921-இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். "எங்க தாத்தா கனவுலகூடத் துண்டு துண்டுன்னு பெனாத்துவாராம்" என்றார் அப்பாயி.

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. உள்ளே போய் கொலோசெயர் 2-ஐ எடுத்தேன். 9-ஆம் வசனம், தேவத்துவத்தின் பரிபூரணமெல்லாம் சரீரப்பிரகாரமாக அவருக்குள் வாசமாயிருக்கிறது. அஞ்சு வசனம் தள்ளி 14, நமக்கு எதிரிடையாக இருந்த கையெழுத்தைக் குலைத்து, சிலுவையின்மேல் ஆணியடித்து. கையெழுத்து என்றால் கடன் சீட்டு. நம் துண்டு!

துண்டை யார் கிழிக்க முடியும்? கணக்கப்பிள்ளை கிழித்தால் திருட்டு. பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) ஆள் இரக்கப்பட்டுக் கிழித்தாலும் கடன் நிற்கும். யாருக்குக் கடன் பட்டோமோ அவர் கையாலேயே கிழிபட வேண்டும். இயேசு திமிர்வாதக்காரனிடம் உன் பாவம் மன்னிக்கப்பட்டது என்றபோது, தேவன் ஒருவரே தவிர யார் மன்னிக்க முடியும் என்று வேதபாரகர் முணுமுணுத்தார்களே, அவர்கள் கணக்கு சரி. வந்திருப்பவர் யார் என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

அக்கா கேட்டதற்கும் இதுதான் பதில், நாளைக்குக் கடையில் சொல்ல வேண்டும். நிசேயாவில் அவர்கள் பேசினது, வந்தவர் கங்காணியா என்றுதான். அலெக்சாந்திரியாவின் ஆரியு என்ற மூப்பர், குமாரன் படைக்கப்பட்டவர், அவர் இல்லாதிருந்த காலம் ஒன்று உண்டு என்று சொன்னார். எல்லாப் படைப்புக்கும் மேலானவர்தான், ஆனால் படைப்பு. அப்படியானால் தேவன் மேலே பங்களாவில் இருந்துகொண்டு கீழே லயத்துக்கு ஒரு பெரிய கங்காணியை அனுப்பினார் என்று ஆகும். கங்காணி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கங்காணிதான். சங்கம் அதை ஒத்துக்கொள்ளவில்லை, தேவனில் தேவன், உண்டாக்கப்படாதவர் என்று எழுதினது, கடைசி வரைக்கும் அதை மறுத்து நின்ற பிஷப்புகள் இரண்டே பேர். ஞாயிறு ஞாயிறு சபையில் விசுவாசப் பிரமாணமாக அதைச் சொல்கிறேன், வாய் மட்டும் சொல்லியிருக்கிறது. அந்தச் சொல்லை விட்டுக்கொடுக்காமல் அலெக்சாந்திரியாவின் பிஷப் அத்தனாசியு அஞ்சு தடவை நாடு கடத்தப்பட்டார். இப்போது அவர் பிடிவாதம் புரிகிறது. வந்தவர் தேவனே இல்லையென்றால் நம் துண்டு இன்னும் கிழியவில்லை.

இதையெல்லாம் அப்பாயியிடம் என் பாஷையில் சொன்னேன். கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 12, வியாழன்

நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. அப்பாயிக்கு இருமல், கொத்தமல்லி போட்டுக் கொடுத்தேன். வேறொன்றும் எழுத முடியவில்லை.

ஜூன் 15, திரித்துவ ஞாயிறு

இன்றைக்குக் கால் கழுவும்போது அப்பாயி காலை இழுக்கவில்லை. சிலுவையில் அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று அவர் பாஷையில் கத்தினார் என்றேன். அப்பாயி யோசித்தார். "அவருதான் சாமிங்கிற. அப்ப சாமி ஏன்டி சாமிகிட்ட அழணும்?"

தம்பிக்கு நான் கேட்ட கேள்வி, எனக்கே திரும்பி வந்துவிட்டது.

தெரிந்ததைச் சொன்னேன். அது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி, சாகும்போது அவர் ஜெபத்தைத்தான் சொன்னார் என்றேன். பிதாவும் குமாரனும் இரண்டு சாமி இல்லை, ஒருவரே தேவன், ஆனால் உலகம் உண்டாகுமுன்னேயே அந்த ஒருவருக்குள் பிதா குமாரனை நேசித்துக்கொண்டிருந்தார், அதனால் குமாரன் அழுதால் கேட்கப் பிதா இருந்தார் என்றேன். நாம் அழுகிற இடத்துக்கே வந்து, நம் வாயாலேயே அழுதார் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே தொண்டை அடைத்தது, முழுக்கப் புரிந்து சொன்னேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் அத்தனையும் நம்பித்தான் சொன்னேன்.

அப்பாயி எழுந்து சாமித் தட்டுக்குப் போனார். இயேசு படத்தை எடுத்து முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார், ஓரத்தில் பிடித்திருந்த கரியை நகத்தால் சுரண்டினார், திரும்ப முருகன் பக்கத்திலேயே வைத்தார். படுக்கப் போகுமுன் கூப்பிட்டார்.

"அந்தத் துண்டு கிழிச்ச வசனத்த நாளைக்கு ஒருக்கா வாசி. சத்தமா வாசி, அன்னைக்கு எனக்குச் சரியாக் கேக்கல."