அஷ்டமியில் டெலஸ்கோப் எடுக்கலாமா?

வான்நோக்கு நிகழ்ச்சிக்குத் தேதி குறிக்க இணையதளம் எதுவும் வேண்டாம். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் போதும். திதியைப் பார்த்தாலே நிலா எந்த அளவில் இருக்கும், எப்போது மறையும் என்பது தெரிந்துவிடும். சிக்கல் என்னவென்றால், அதே காலண்டரைத்தான் ஊரும் பார்க்கிறது.

நிலாவை டெலஸ்கோப்பில் பார்க்கத் தோதான நாள் அரைநிலா. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டில் சூரிய ஒளி சாய்வாக விழுவதால், பள்ளங்களின் நிழல் நீண்டு விழும். குழி குழியாகத் தெரியும். சாயங்காலம் ஏழு மணிக்கு நிலா நல்ல உயரத்தில் நிற்கும், நள்ளிரவு வாக்கில்தான் மறையும். இனி கணக்குக்கு வருவோம். சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையே 12 டிகிரி கூடினால் ஒரு திதி. 84 முதல் 96 டிகிரி வரை வளர்பிறை அஷ்டமி. அரைநிலா சரியாக 90 டிகிரி. ஆக, எந்த மாதம் எடுத்தாலும் அரைநிலா அஷ்டமியில்தான் வந்து விழும். தப்பவே வழியில்லை.

பள்ளிக்கூட மைதானத்துக்கு அனுமதிக் கடிதம் கொண்டுபோனால் தலைமையாசிரியர் முதலில் பார்ப்பது கடிதத்தை அல்ல, காலண்டரை. "அஷ்டமில்லா வருது? மறுநாள் வைங்களேன்." மறுநாள் நவமி. பௌதிகப் பட்டதாரியாகவே இருந்தாலும் அவர் அந்த இடத்தில் அசையமாட்டார். பிறகு அவரே ஒரு யோசனை சொல்வார்: "பேசாம பௌர்ணமிக்கு வச்சிருங்க சார், நெலா முழுசாத் தெரியும்."

பௌர்ணமி நிலா டெலஸ்கோப்புக்கு ஆகாது. ஒளி நேராக விழுவதால் நிழலே இராது. பள்ளமெல்லாம் தட்டையாகி, கண் கூசுகிற ஒரு வெள்ளை வட்டம் மிஞ்சும். மேலும் அன்றைக்கு ஏழு மணிக்கு நிலா கீழ்வானத்தில்தான் கிடக்கும். வீட்டுக் கூரைகளின் சூட்டில் தளதளவென்று ஆடும். மங்கலான விண்மீன் கூட்டங்களைப் பார்ப்பதற்கு அமாவாசைதான் சரி. ஆனால் அமாவாசை ராத்திரி பச்சைப்பிள்ளையை வெட்டவெளிக்குக் கூட்டிவர எந்த ஆச்சியும் சம்மதிக்கமாட்டாள். சஷ்டிக்கு வைத்தால் பாதி ஊர் திருச்செந்தூரில் இருக்கும். கடைசியில் ஊருக்கும் நிலாவுக்கும் ஆட்சேபணை இல்லாமல் மிஞ்சுவது வளர்பிறை சப்தமி. அதற்கு யாரும் பெரிதாக உரிமை கொண்டாடுவதில்லை. பள்ளங்களும் அருமையாகத் தெரியும்.

திதி அமைந்தால் மாதம் அமைய வேண்டும். நெல்லைப் பக்கம் ஆனி, ஆடியில் மலை இடுக்குகள் வழியாக வருகிற காற்று, காற்றாலைக்காரர்களுக்கு வரம், டெலஸ்கோப்புக்கு இல்லை. 120 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது குழாயின் நடுக்கமும் 120 மடங்கு. ஐப்பசி, கார்த்திகை மழை. சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் வெயில் காய்ந்துவிட்டு, நாலு மணிக்கு மேல் பொதிகைப் பக்கம் இடி மேகம் திரளும். ஆகவே தை, மாசி, பங்குனிதான் வானியல் மன்றத்துக்குச் சோறு போடுகிற மாதங்கள். தேதியை உறுதி செய்யுமுன் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயிலில் கொடைத் திருவிழா என்று ஒரு வார்த்தை விசாரித்துவிடுவது நல்லது. தெருவெல்லாம் சீரியல் விளக்குக் கட்டியிருக்கையில் ஓரியன் நெபுலா என்கிற மங்கலான வாயு மேகம் எடுபடாது.

இடம் மண்தரையாக இருக்கட்டும். தட்டட்டி (மொட்டை மாடி) வசதிதான், ஆனால் பகலில் குடித்த வெயிலைக் காங்கிரீட் ராத்திரி பத்து மணிவரை கக்கிக்கொண்டிருக்கும். சனிக்கோள் தண்ணீருக்கடியில் கிடக்கிற காசு மாதிரி நெளியும். இதற்குப் பயந்தே மைதானம் கேட்டு அலைவது.

எட்டு அங்குல டாப்சோனியனை (பெட்டி மாதிரித் தாங்கியில் நிற்கிற டெலஸ்கோப்) ஏற்றிப் போவது தனிக் கூத்து. நாலடி நீளக் குழாயைப் பழைய போர்வையில் சுற்றி லோடு ஆட்டோவில் வைத்தால், வழியில் நிற்கிறவர்கள் எல்லாருக்கும் அது போர்வெல் பைப். "அண்ணாச்சி, எங்கன போர் போடுதிய? எத்தன அடில தண்ணி?" என்ற கேள்விக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் சூரியன் மறைந்துவிடும். ஆனால் அதற்குமுன் போய்ச் சேர்ந்தாக வேண்டும். தேடுநோக்கியை, அதாவது குறி பார்க்கக் குழாய்மேல் பொருத்திய சின்னக் கருவியை, இருட்டில் சரிசெய்ய முயல்வது வம்பு. வெளிச்சம் இருக்கும்போதே, ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத தூரத்தில் உள்ள செல்போன் டவரின் உச்சியை 25 மில்லிமீட்டர் கண்ணருகு லென்ஸில் நடுவில் கொண்டுவந்து, பிறகு 10 மில்லிமீட்டர் போட்டு மறுபடி நடுவில் நிறுத்தி, அப்புறம் தேடுநோக்கியின் திருகுகளைத் திருப்பி அதே உச்சியில் வைக்க வேண்டும். டவர் மேற்கே இருந்தால் வேண்டாம். சூரியன் இறங்குகிற திசைக்குக் குழாயைத் திருப்பவே கூடாது. தேடுநோக்கிக்கும் மூடி போட்டிருக்க வேண்டும்.

இனி வரிசை. மன்றத்தின் திறமை தெரிவது இங்கேதான். 1200 மில்லிமீட்டர் குவியத்தூரத்துக்கு 10 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் 120 மடங்கு. தெரிகிற வானம் அரை டிகிரிக்கும் குறைவு. பூமி சுழல்வதால் சனி ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் போக ஒன்றே முக்கால் நிமிடம்கூட ஆகாது. நடுவில் வைத்துக் கொடுத்தால் ஐம்பது விநாடியில் வெளியே போய்விடும். ஆக, ஒருவர் பார்த்து நகர்ந்ததும் ஒரு தள்ளு தள்ளியாக வேண்டும். தேடுநோக்கிப் பக்கம் நிரந்தரமாக ஓர் ஆள் தேவை. அவருக்கு டீ அங்கேயே போகவேண்டும். அறுபது பேர், ஆளுக்கு நாற்பது விநாடி என்றால் ஒரு பொருளைக் காட்டவே நாற்பது நிமிடம். அதனால் நிலாவுக்கு ஒரு டெலஸ்கோப், கோளுக்கு ஒன்று. நிலாவுக்கு 25 மில்லிமீட்டர் போதும். முழு நிலாவும் அடங்கும், நாலு நிமிடம் தள்ளாமல் ஓடும்.

வருகிறவர் முதலில் செய்வது குழாயைக் கையால் பிடிப்பது. கோள் போயே போச்சு. "தொடாதீங்க" என்று சொல்லிப் பயனில்லை. இருட்டில் குனிகிற மனிதருக்குப் பிடிமானம் வேண்டும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகை டெலஸ்கோப் பக்கம் திருப்பி வைத்தால் அதைப் பிடித்துக்கொள்வார். குழந்தைகளுக்கு ஸ்டூல். ஒற்றைக் கண்ணை மூடச் சொன்னால் ரெண்டையும் மூடிக்கொண்டு, "சூப்பர் அங்கிள்" என்னும். மற்றக் கண்ணை உள்ளங்கையால் பொத்தச் சொன்னால் தீர்ந்தது.

பெரியவர்கள் வேறு ரகம். ஒன்றும் தெரியாவிட்டாலும் மரியாதைக்கு, "நல்லா இருக்கு தம்பி" என்று நகர்வார்கள். அழகாக இருக்கிறது என்று சொன்னால் தெரியவில்லை என்று அர்த்தம். அதனால் கேள்வி கேட்டே அனுப்ப வேண்டும். வியாழனென்றால், "பக்கத்துல எத்தன புள்ளி இருக்கு ஆச்சி?"

"புள்ளியா? நூல் புடிச்சாப்ல நாலு கெடக்கு. தொடச்சு வைக்கக் கூடாதாய்யா?"

அந்த ஆச்சி உண்மையிலேயே பார்த்துவிட்டாள். 1610-ல் கலிலியோ கண்ட நாலு நிலவுகளும் அவள் கணக்கில் லென்ஸ் அழுக்கு.

சனி 2025-இல் மன்றங்களின் மானத்தை வாங்கியது. அந்த மார்ச் 23 அன்று பூமி சனியின் வளையத் தளத்தைக் கடந்தது. வளையம் விளிம்பாகத் திரும்பியதால் வருடக் கடைசியிலும் மெல்லிய கோடாகத்தான் தெரிந்தது. "புத்தகத்துல வளையம் இருக்கே, ஒங்க டெலஸ்கோப்புல இல்லையே, வெல கொறஞ்சதா?" என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். அடுத்த சங்கடம் 2038-39-இல், அதுவரை நிம்மதி.

மாசி மாதம் எட்டரை மணி வாக்கில் திருவாதிரை ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேல். பார்க்கிற கழுத்துக்கு நல்லது, டாப்சோனியனுக்குக் கெட்டது. குழாய் செங்குத்தாக நின்றால் பக்கவாட்டில் தள்ளப் பிடி கிடைக்காது. பெட்டியையே கட்டிப்பிடித்துத் திருப்ப வேண்டும். ஓரியன் நெபுலா அதற்குச் சுமார் 14 டிகிரிதான் தள்ளி இருக்கிறது. ஆகவே அதை ஏழரைக்குள் காட்டி முடித்துவிட்டு, ஒன்பது மணிக்குத் தெற்கே 28 டிகிரி உயரத்தில் நிற்கிற அகத்தியர் நட்சத்திரத்துக்கு (கனோபஸ்) போவது உத்தமம். அங்கே ஒரு தகராறு நிச்சயம். அகத்தியர் இருப்பது பொதிகையில், பொதிகை இருப்பது மேற்கே, தெற்கே கையைக் காட்டினால் எப்படி? விட்டுக்கொடுத்துப் பேசுவதே நல்லது.

அமெரிக்காவில் இருக்கும் மகன் வாங்கி அனுப்பியது என்று யாராவது ஈக்வடோரியல் மவுண்டோடு (அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டிய தாங்கி) டெலஸ்கோப் நன்கொடை தருவார்கள். துருவ நட்சத்திரம் நெல்லையில் அடிவானத்திலிருந்து 8.7 டிகிரிதான், எந்த முருங்கையும் மறைத்துவிடும். பல மவுண்டுகளின் அச்சு அவ்வளவு கீழே இறங்காது. இறக்கினாலும் எதிரெடை முக்காலியின் காலில் போய் முட்டும். நன்றிக் கடிதம் கொடுத்துவிட்டு, குழாயை மட்டும் கழற்றி வேறு தாங்கியில் வைத்துக்கொள்ளலாம்.

மூட்டை கட்டும்போது சிவப்புப் புள்ளித் தேடுநோக்கியை அணைக்க யாருக்கும் நினைவிராது. சிஆர் 2032 பட்டன் பேட்டரி இரண்டு எப்போதும் கையிருப்பில் வேண்டும். மழைக்காலத்தில் லென்ஸ்களைச் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் போடாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். லென்ஸ் செருகுகிற ஃபோகஸரின் வாயைத் திறந்து வைத்தால் குளவி வந்து மண்கூடு கட்டும். தையில் சனியைத் தேடினால் அதுதான் தெரியும். மூடி தொலைந்துபோனால் பழைய ஃபிலிம் ரோல் டப்பா அந்த ஒன்றேகால் அங்குலத் துளைக்குக் கச்சிதமாகப் பொருந்தும். பழைய ஸ்டூடியோக்காரர்கள் சும்மாவே தருவார்கள். எதற்கு என்று சொன்னால்தான் நம்பமாட்டார்கள்.